மதிலுக்குள் ஓர் ஆலயம்: யாழ்ப்பாணக் கோட்டையும் நம் திருச்சபை வரலாறும்

கொங்குநாட்டில் வாழும் நமக்குக் கோட்டை என்பது பழங்கதை. 1791ஆம் ஆண்டில் திப்பு சுல்தானின் படை முற்றுகையிட்டுக் கைப்பற்றிய கோயம்புத்தூர்க் கோட்டையின் பெயர் இன்று கோட்டைமேடு என்னும் தெருப்பெயராக எஞ்சி நிற்கிறது. பொள்ளாச்சியிலிருந்து மேற்கே சென்றால் 1766இல் ஹைதர் அலி கட்டுவித்த பாலக்காட்டுக் கோட்டையைக் காணலாம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை நாம் அங்கே சிற்றுலா அழைத்துச் செல்கிறோம். அகழியில் தேங்கிய நீரையும் சிறு ஆஞ்சநேயர் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். ஆகவே திருப்பாடல்களில் கோட்டை, அரண், துருகம் என்னும் சொற்கள் வரும்போது, அவற்றை விளக்குவதில் நம் பிரசங்கிமார்க்கு எவ்வித இடர்ப்பாடும் நேர்வதில்லை. கோட்டை என்றால் பாதுகாப்பு, கடவுள் நம் கோட்டை, அவ்வளவே.

தமிழ் பேசும் திருச்சபையின் மற்றொரு பகுதிக்கு இச்சொல் அவ்வளவு எளிதானதன்று. யாழ்ப்பாணத்தில் ஒரு கடற்கோட்டை உண்டு. அக்கோட்டை நம் தலைமுறையிலேயே பீரங்கிகளோடும் விமானங்களோடும் முற்றுகைக்குள்ளாயிற்று. அதன் மதிலுக்குள், சீர்திருத்தத் திருச்சபை மரபினர் 1706இல் எழுப்பிய பேராலயம் ஒன்று நின்றது. அப்போரில் அது இடிந்து அழிந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்த அத்தியட்சாதீனங்களுள் யாழ்ப்பாணமும் ஒன்று என்பதை நம் மாணவர் பலர் அறியார். அதன் முதற் பேராயர் சபாபதி குலேந்திரன் எழுதிய தமிழ் வேதாகம வரலாற்று நூலைத் தேர்வுக்காகப் படிப்போர்கூட, அவர் எந்த மண்ணிலிருந்து எழுதினார் என்று கேட்பதில்லை. ஆதலின் இக்கோட்டையின் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்பது நம் கடமையாகிறது.

1619இல் யாழ்ப்பாண அரசின் கடைசி மன்னனாகிய சங்கிலி குமாரன் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேராவிடம் தோற்றான். அரச நகராகிய நல்லூரை விட்டுக் கடலேரியின் கரையில் தலைநகர் அமைக்க ஒலிவேரா விரும்பினான். கடல்வழித் துணை எளிதில் வந்து சேரும் என்பதே அதன் காரணம். அங்கே சதுர வடிவான கோட்டை ஒன்று எழுந்தது. அற்புதங்களின் அன்னை மரியாளின் பெயர் அதற்கு இடப்பட்டது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1621இல் இடிக்கப்பட்டது. அதன் கற்களும் கோட்டை மதிலில் சென்று சேர்ந்தன என்பது யாழ்ப்பாணத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இச்செய்தியைக் கிறிஸ்தவ வாசகர் விரைந்து கடந்துவிடலாகாது. மதிலின் அடிவரிசையில் அயலானின் வழிபாட்டிடம் இருக்கிறது என்ற நினைவோடு வாழும் மக்களிடையேதான் நற்செய்தி அறிவிக்கப்பட்டது.

ஒல்லாந்தர் 1658இல் வந்தனர். ரைக்லோஃப் வான் கூன்ஸ் என்பவரின் தலைமையில் மூன்று மாதங்களுக்கு மேல் கோட்டையை வளைத்திருந்தனர். மதிலுக்குள் மக்கள் நெருக்கமாக அடைபட்டனர். உணவும் நீரும் குறைந்து நோய் பரவியது. ஜூன் 22 அன்று போர்த்துக்கேயர் பணிந்தனர். ஒல்லாந்தப் படையோடு வந்தவர் பிலிப்பு பால்தேயு என்னும் இளம் போதகர். 1665 வரை அவர் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தார், தமிழ் கற்றார், தாயகம் திரும்பிய பின் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அவர் வெளியிட்ட பெருநூல், தமிழ் எழுத்துகளை ஐரோப்பியருக்குக் காட்டிய தொடக்க நூல்களுள் ஒன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு கரையிறங்குவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே, சீர்திருத்தக் கிறிஸ்தவம் இங்ஙனம் ஒரு படையின் பின்னே தமிழ் மண்ணுக்கு வந்தது.

சதுரக் கோட்டை ஒல்லாந்தருக்குப் போதவில்லை. பீரங்கிக் குண்டு நேராகத் தாக்க இயலாதவாறு மதில்களைச் சாய்த்தும், ஒவ்வொரு மூலையிலும் கூர்ங்கொத்தளம் அமைத்தும் ஐங்கோண வடிவில் அதனைப் புதுக்கிக் கட்டினர். கடலேரியில் எடுத்த முருகைக்கல்லே முதன்மையான கட்டுமானப் பொருள். கொத்தளங்களுக்கு நெதர்லாந்து மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினர். 1680 அளவில் உள்மதில் முடிந்தது. அகழிக்கு அப்பாலுள்ள புறவரண்களோ 1792இல்தான் நிறைவெய்தின. நூறாண்டுக்கும் மேலாகக் கட்டிய இக்கோட்டையை, முடித்த மூன்றே ஆண்டுகளில், 1795 செப்டம்பரில், போரிடாமலே ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டனர்! ஐரோப்பாவில் பிரெஞ்சுப் புரட்சிப் படை நெதர்லாந்தில் புகுந்ததன் விளைவு அது. எந்தப் பகைவனை எண்ணி இம்மதில் எழுந்ததோ அவன் அதைத் தாக்கவேயில்லை. ஐங்கோணக் கோட்டை கண்ட உண்மையான பெருமுற்றுகை இரு நூற்றாண்டுகள் கழித்து, கட்டியவர்கள் கனவிலும் கருதாத ஒரு போரில் நிகழ்ந்தது.

ஆலயத்திற்கு வருவோம். நான்கு கைகளும் ஒத்த அளவுடைய கிரேக்கச் சிலுவையின் வடிவில் 1706இல் அது கட்டப்பட்டது. ஒல்லாந்தர் அதனைச் சிலுவைக் கோயில் என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். தடித்த சுவர்கள், உயர்ந்த சாளரங்கள், ஓட்டுக் கூரை, தரையெங்கும் பெயர் பொறித்த கல்லறைப் பலகைகள். போர்த்துக்கேயர் காலத்து மணி ஒன்றும் அதில் இருந்தது. கத்தோலிக்கர் வார்த்த மணி, அன்னை மரியாளின் பெயரைத் தாங்கியபடியே, சீர்திருத்தச் சபையாரை வழிபாட்டுக்கு அழைத்துவந்தது. வெற்றி பெற்றோர் தோற்றவரிடமிருந்து மணியை மட்டும் ஏற்றுக்கொண்டனர் போலும்!

அவ்வாலயத்தில் அமர்ந்தவர்கள் யாவர்? கும்பினி அதிகாரிகள், படைவீரர், அவர்தம் குடும்பத்தார், பின்னர்ப் பறங்கியர் எனப்பட்ட ஒல்லாந்தர் வழித்தோன்றல்கள். ஊர்ப்புறத்துத் தமிழ்ச் சபைகளுக்குத் தனிக் கோயில்கள் இருந்தன. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு முதலிய இடங்களில் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ஆலயங்கள் கோயிலாகவும் பள்ளிக்கூடமாகவும் நடத்தப்பட்டன. பள்ளித் தோம்பு என்னும் பதிவேட்டில் திருமுழுக்கும் திருமணமும் எழுதப்பட்டன. அப்பதிவு இல்லாதவர்க்கு உத்தியோகம் இல்லை. மணவுறவும் வாரிசுரிமையும் சட்டத்தின்முன் நிலைக்கவில்லை. இதன் விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. பால்தேயு காலத்திலேயே யாழ்ப்பாணப் பகுதியில் கிறிஸ்தவரெனக் கணக்கிடப்பட்டோர் தொகை அறுபதாயிரத்தைத் தாண்டியது. அதே சட்டம் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தது. 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசேவ் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் நுழைந்து, சில்லாலைப் பகுதியில் மறைந்திருந்து தம் மக்களைப் பேண வேண்டியிருந்தது. அடக்குமுறை என்றவுடன் உரோமைத் திருச்சபையையே சுட்டிக்காட்டிப் பழகிய நம் பாடநூல்களில், வேட்டையாடியவர் சீர்திருத்தச் சபையார், வேட்டையாடப்பட்டவர் கத்தோலிக்கக் குரு என்னும் இப்பக்கமும் இடம்பெற வேண்டும்.

ஆயினும் ஒல்லாந்தர் காலத்தை முற்றிலும் போலி எனத் தள்ளிவிடுவதும் நேர்மையாகாது. கொழும்பில் பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோ அக்காலத்துக் குருமடத்தில் பயின்று, எபிரெயமும் கிரேக்கமும் கற்று, குருத்துவ அபிஷேகம் பெற்றார். 1759இல் கொழும்பில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு அவருடைய உழைப்பின் பயன். பின்னர் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் ஊழியம் செய்தார். மூலமொழி அறிந்த ஒரு தமிழர் வேதாகமத்தைத் தமிழில் தந்த முதல் முயற்சிகளுள் ஒன்று இது. அதிகாரத்தின் நிழலிலும் இத்தகைய விதை ஒன்று முளைத்தது.

கும்பினி ஆட்சி போனதும் கணக்குகளும் போயின. 1806இல் யாழ்ப்பாணம் வந்த கிளாடியு புக்கானன், பால்தேயு விவரித்த ஊர்க் கோயில்கள் பலவும் பாழடைந்து கிடந்ததைக் கண்டார். கோட்டைக்குள் விசாலமான ஆலயம் இருந்தது. ஆனால் அதற்குப் போதகர் நியமிக்கப்படவில்லை. பட்டணத்தில் பிரசங்கித்துவந்த ஒரே புராட்டஸ்டாண்டு ஊழியர் கிறிஸ்தியான் தாவீது. இவர் தஞ்சைப் பகுதித் தமிழர்; சுவார்ட்சு ஐயரின் மாணாக்கர்; தரங்கம்பாடி மிஷனிலிருந்து சென்றவர். கோட்டையும் கொத்தளமும் கொண்ட திருச்சபை உருக்குலைந்த நிலையில், கையில் வேதாகமத்தோடு சென்ற ஒரு தமிழ் உபதேசியார் அங்கே விளக்கேற்றி வைத்திருந்தார் என்பது நம் கரைத் திருச்சபைக்குப் பெருமைதரும் செய்தி.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தபோது, கூரை வீழ்ந்த அவ்வூர்க் கோயில்களே அவர்களுக்குக் கிடைத்தன. வட்டுக்கோட்டையில் 1823இல் குருமடம் தொடங்கினர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்குப் பயின்றவர்கள். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையைத் தமிழுலகம் மறவாது. கதிரும் மழையும் புகுந்த அவ்வூர்க் கோயிலே பிற்காலத்தில் பேராயர் குலேந்திரனின் பேராலயமாயிற்று. சேதமின்றி நின்ற கோட்டை ஆலயமோ, பறங்கியர் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊரைவிட்டு அகல, வழிபடுவோர் அருகி, பூட்டிய கதவும் துடைத்த தரையுமாகக் காலங்கழித்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் கோட்டை போர்க்குணத்தை இழந்திருந்தது. சிறைச்சாலையும் அதிகாரிகளின் இல்லங்களும் அதனுள் இருந்தன. மதிலுக்கு வெளியே முற்றவெளி என்னும் பரந்த திடல். பீரங்கி சுடுவோரின் பார்வையை மறைக்காதிருக்கவே அந்நிலம் கட்டடமின்றி விடப்பட்டது. சுடுவதற்காக ஒதுக்கிய வெளி, காலப்போக்கில் மக்கள் கூடும் பொதுத்திடலாயிற்று. அதன் ஓரங்களில் பட்டணத்தின் பொதுவாழ்வு வளர்ந்தது: மணிக்கூட்டுக் கோபுரம், மருத்துவமனை, வீரசிங்கம் மண்டபம், 1959இல் திறக்கப்பட்ட பொது நூலகக் கட்டடம். இவ்வமைவை மாணவர் மனத்தில் வரைபடமாக இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் பின்னர் நேர்ந்த கேடுகளின் பெரும்பகுதி இதிலிருந்தே விளங்கும். ஊரின் உயிர்நிலைகள் யாவும் கோட்டைப் பீரங்கியின் எதிரே அமைந்துவிட்டன.

1974 ஜனவரி 10 அன்று, நான்காம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாள் கூட்டத்தில் காவல்துறையினர் புகுந்த வேளையில், முற்றவெளியருகே ஒன்பது பேர் இறந்தனர். 1981 மே 31 தொடங்கிய நாள்களில் காவல்துறையினர் உள்ளிட்ட கும்பல் நூலகத்துக்குத் தீயிட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. எரியும் நூலகத்தைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் மாரடைப்பால் உயிர் நீத்தார் என்பதைக் குருமார் அனைவரும் அறிந்திருத்தல் நலம். 1983 ஜூலைப் படுகொலைக்குப் பின் உள்நாட்டுப் போர் முழுவீச்சில் மூண்டது. 1985 முதற்கொண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இலங்கைப் படையினர் முகாம்களுக்குள் முடங்கினர். கோட்டை அவற்றுள் ஒன்று. வெளியே விடுதலைப் புலிகள் காவலரண் அமைத்து வளைத்தனர். உள்ளிருந்து ஷெல்கள் பட்டணத்தின்மீது விழுந்தன. ஆழியாற்று முகாமில் வாழும் மூதாட்டி ஒருவர், நாம் கோட்டையைக் குறித்து ஒரு திருப்பாடலை விளக்கி முடித்தபின், "ஐயா, கோட்டை எண்டால் எங்களுக்கு ஷெல் வாற திசை" என்றார். அவர் குறைகூறவில்லை, தமக்குத் தெரிந்த பொருளைச் சொன்னார்.

1987 ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, நம் நாட்டு அமைதிப்படை சென்றது. மாலையிட்டு வரவேற்ற மக்கள், அக்டோபர் 10 முதல் அப்படைக்கும் புலிகளுக்குமிடையே மூண்ட போரில் சிக்கினர். இப்போது கோட்டை இந்தியப் படையின் தளம். அக்டோபர் 21, தீபாவளி நாள். கோட்டைத் திசையிலிருந்து வந்த ஷெல் வீச்சைத் தொடர்ந்து இந்தியப் படையினர் மருத்துவமனைக்குள் நுழைந்து சுட்டனர்; மருத்துவர், தாதியர், நோயாளிகள் என அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். யாழ்ப்பாணக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த மருத்துவப் பேராசிரியை ராஜினி திராணகம, தோழர் மூவரோடு சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' என்னும் நூலில் இக்காலத்தின் கொடுமைகளை எத்தரப்பையும் விடாமல் பதிவுசெய்தார். 1989 செப்டம்பர் 21 அன்று அவர் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். நம் நாட்டுப் படையின் செயலைத் தமிழ்நாட்டுச் சபைகளில் பேசத் தயங்குகிறோம். இனியும் தயங்குவது தகாது.

அமைதிப்படை 1990 மார்ச்சில் வெளியேறியது. ஜூனில் மீண்டும் போர். ஜூன் 11 அளவில் தொடங்கிய முற்றுகை 107 நாள்கள் நீடித்தது. படைவீரரும் காவலருமாக இருநூறு பேர் அளவில் கோட்டைக்குள் அகப்பட்டனர். மதில் தாங்கியது. முருகைக்கல்லின் மென்மையே குண்டுகளை உள்வாங்கிக்கொண்டது என்பர். ஆனால் உணவும் மருந்தும் வானத்திலிருந்தே வர வேண்டும். விமானங்கள் தாழப் பறந்து பொதிகளை எறிந்தன. பல கடலேரியில் விழுந்தன. ஜூலை 3 அன்று ஒரு ஹெலிகாப்டர் துணிந்து உள்ளே இறங்கிக் காயமுற்றோரை ஏற்றிச்சென்றது. தென்னிலங்கைச் சிற்றூர்களில் பிறந்த அவ்விளைஞர்களின் தாய்மாரும் அந்நாள்களில் விகாரைகளிலும் ஆலயங்களிலும் மண்டியிட்டிருப்பர். வெளியிலோ, கோட்டையைக் காக்க வந்த விமானங்கள் பட்டணத்தின்மீது குண்டு பொழிந்தன. கோட்டையின் அண்டையிலிருந்த மருத்துவமனை இயங்க முடியாமல் இடம்பெயர்ந்தது. அவ்வாண்டு இறுதியில் செஞ்சிலுவைச் சங்கத்தார் அதனைப் பாதுகாப்பு வலயமாக ஏற்கச்செய்த பின்னரே நிலைமை சற்றுச் சீரடைந்தது. செப்டம்பர் 13இல் இராணுவம் மண்டைதீவு வழியே கடலேரியைக் கடந்து கோட்டையை எட்டியது. எனினும் அதைத் தக்கவைத்துக்கொள்ள முயலாமல் செப்டம்பர் 26இல் அனைவரையும் மீட்டுக்கொண்டு வெளியேறியது.

கோட்டையைக் கைப்பற்றிய புலிகள் அதில் குடியேறவில்லை. அரசுப் படை மறுபடியும் வந்தால் அதற்கு அரணாகக்கூடாது என்று மதிலின் பகுதிகளைத் தகர்த்தனர். சிலுவைக் கோயில் முற்றுகையிலும் அதன் பின்விளைவுகளிலும் தரைமட்டமாயிற்று. எக்குண்டு எச்சுவரை வீழ்த்தியது என்று வழக்காடுவதில் பொருளில்லை. 284 ஆண்டுகள் மதிலின் காவலில் இருந்த ஆலயம், மதிலின் பகைவர்க்குத் தானும் பகையாயிற்று. மதில் பெற்ற அடியைத் தானும் பெற்றது.

இதிலிருந்து, கோட்டைக்கு வெளியே நின்ற சபைகள் தப்பின என்று எளிய பாடம் புகட்ட நாம் விரும்பவில்லை. அவை தப்பவில்லை. 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தோர்மீது விமானப்படை குண்டு வீசியதில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கைதடிப் பாலத்தின் வழியே தென்மராட்சிக்குச் சென்றனர். போதகரும் சபையாரோடு நடந்தனர். டிசம்பரில் இராணுவம் நகரைப் பிடித்தது. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. ஊர்ச் சபைகள் அடிபட்டது மக்களோடு. கோட்டை ஆலயம் அடிபட்டபோது அதற்குள் அழுவதற்குச் சபை இல்லை. வட்டுக்கோட்டையிலும் தெல்லிப்பழையிலும் திரும்பி வந்தவர்கள் ஓடு மாற்றினர், பாடல் பாடினர். சிலுவைக் கோயிலுக்குத் திரும்பி வர எவருமில்லை.

2009 மே மாதம் போர் முடிந்தது. தொல்பொருள் திணைக்களம் நெதர்லாந்து அரசின் உதவியோடு மதில்களைச் சீரமைக்கத் தொடங்கியது. அகழாய்வில் ஐரோப்பியர் வருகைக்கு மிக முற்பட்ட குடியிருப்பின் சான்றுகள் கிடைத்தன; உரோமானிய, சீன மட்கலத் துண்டுகளும் அவற்றுள் அடங்கும். படைவீரனுக்கு முன்பே அவ்விடத்தில் வணிகன் இருந்திருக்கிறான். மதில்கள் மீண்டும் எழுந்தன, ஆலயம் எழவில்லை. உடைந்த சுவர்த் துண்டுகளும் கற்குவியலுமே அதன் இடத்தைக் காட்டின.

அதனைப் பழைய வடிவிலேயே எழுப்ப வேண்டும் என்னும் ஆவல் பழமை பேணுவோரிடம் உண்டு. கட்டடக் கலை என்னும் அளவில் அது நியாயமே. அத்தகைய சிலுவை வடிவக் கோயில் இலங்கையில் அரிது. ஆனால் திருச்சபை தன் காணிக்கையை அதற்குச் செலவிட வேண்டுமா என்று கேட்டால், வேண்டா என்பதே நம் கருத்து. கணவனை இழந்த பெண்களும், காணாமற்போன மகனின் படத்தை ஏந்தித் தெருவோரம் அமர்ந்த தாய்மாரும் வடபுலத்தில் இருக்கையில், சபையில்லாத ஆலயத்துக்குக் கூரை வேய்வது திருச்சபையின் முதற்பணி ஆகாது. தொல்பொருள் துறையார் விரும்பினால் கட்டட்டும். கட்டினால், வாயிற் கல்வெட்டில் 1706 என்னும் ஆண்டோடு 1990 என்பதையும், இயலுமாயின் நல்லூர்க் கோயில் இடிந்த 1621ஐயும் பொறிக்க வேண்டும்.

நம் கல்லூரிகளில் செய்யத்தக்கது எளிது. திருச்சபை வரலாற்று வகுப்பில் தரங்கம்பாடிக்கு முன் யாழ்ப்பாணத்தை வைப்போம். பால்தேயுவோடு யோசேவ் வாஸ் அடிகளாரையும், தெ மெல்லோவோடு கிறிஸ்தியான் தாவீதையும் சேர்த்துக் கற்பிப்போம். இறுதியாண்டு மாணவர் ஊழியப் பயிற்சிக்காக ஆழியாறு, கோட்டூர்ப் பகுதிகளிலுள்ள மறுவாழ்வு முகாம்களுக்குச் செல்லும்போது, திருப்பாடல்களை விளக்குமுன், கோட்டை என்ற சொல் அங்குள்ளோர்க்கு என்ன பொருள் தருகிறது என்று கேட்டுவரச் சொல்வோம். 1990இல் கைக்குழந்தைகளாகக் கடல் கடந்து வந்தவர்கள் இன்று பிள்ளைகளைப் பெற்றுவிட்டார்கள். அப்பிள்ளைகளுக்குக் கோட்டையைத் தெரியாது. அவர்களுடைய பாட்டிமார்க்குத் தெரியும்.